விளக்குமாறு

“250 வார்த்தை. அதுக்கு மேல ஒரு வார்த்தை இருந்தாலும் வாங்க மாட்டேன்” என்றார் கைடு. என் கையில் இருந்தது 11 பக்கம்.

2016 டிசம்பர். வடக்கே ஒரு நகரம், ஒரு டிசைன் கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் இருந்தார்கள், கெட்டது செய்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒரே ஆள் செய்ததும் உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நான் எம்.ஏ. தமிழ். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. அடுத்த வருசம் ஒரு அரசுக் கல்லூரியில் எனக்கு எம்.ஏ. இடம் கிடைத்தது. அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. விடியக்காலம் நாலரைக்கு எந்திரிச்சுப் போனால் வீடு திரும்ப உச்சிப்பொழுது ஆகிவிடும். அப்பா நான் ஏழாவது படிக்கும்போதே போய்விட்டார். படிப்பு முடிந்ததும் இயக்க வேலைக்குப் போனேன். சுவரெழுத்து எழுதுவது, துண்டறிக்கை தயாரிப்பது, உண்மை அறியும் குழுவோடு போய்க் குறிப்பெடுப்பது. போஸ்டர்களைக் கம்ப்யூட்டரில் நானே வடிவமைத்தேன். அதைப் பார்த்த ஒரு தோழர்தான், “இதையே ஒரு படிப்பா படிக்கலாம் தெரியுமா?” என்று விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். தேர்வு எழுதினேன், கிடைத்தது. உதவித்தொகையும் கிடைத்தது. “தமிழ் படிச்ச புள்ளைக்கு டிசைன் எதுக்கு?” என்று தெருவில் கேட்டார்கள். அம்மா மட்டும் கேட்கவில்லை. டிசைன் என்றால் சேலைக் கரையில் போடுகிற பூ என்று அது நினைத்துக்கொண்டது.

கடைசி வருச ஆய்வுக்கு ஏதாவது ஒரு பொருளை எடுத்து, அதன் குறையைக் கண்டுபிடித்து, திருத்திச் செய்து காட்ட வேண்டும். அதை எழுதியும் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் நாற்காலி எடுத்தார்கள், மேசை விளக்கு எடுத்தார்கள், குழந்தைகள் விளையாட்டுச் சாமான் எடுத்தார்கள். நான் வெளக்கமாறு எடுத்தேன்.

தமிழில் விளக்குவது என்றால் துலக்குவது. புரியும்படி சொல்வதும் விளக்குவதுதான். பாத்திரம் விளக்குகிறோம், பாடமும் விளக்குகிறோம். எம்.ஏ. வினாத்தாளில் ‘விளக்குக’ என்று வரும்போதெல்லாம் எனக்கு அம்மா ஞாபகம் வரும். “வெளக்கமாத்தால அடிப்பேன்” என்று ஊரில் திட்டுவார்கள். அடி வலிக்கும் என்பதற்காகச் சொல்லும் திட்டு இல்லை அது. அந்தப் பொருள் மேலே பட்டாலே மானம் போய்விடும் என்பதுதான் அர்த்தம். அது யார் கையில் இருக்கிற பொருள் என்று திட்டுகிறவனுக்கும் தெரியும், திட்டு வாங்குகிறவனுக்கும் தெரியும்.

தெருக்கூட்டுகிற வெளக்கமாறு வீட்டு வெளக்கமாறு இல்லை. தென்னை ஈர்க்கைக் கத்தையாகச் சேர்த்து, மூங்கில் கம்பைச் செருகி, சணலோ சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பரோ சுற்றி இறுக்க வேண்டும். கட்டு தளர்ந்தால் ஈர்க்கு உதிரும். கூட்டக் கூட்ட ஈர்க்கு தேயும். அது எவ்வளவு குட்டையாகிறதோ அவ்வளவு முதுகு குனியும். கம்பு என்ன நீளத்தில் கிடைக்கிறதோ அதுதான் நீளம். குள்ளமான பொம்பளைக்கும் அதே கம்பு, நெட்டையான பொம்பளைக்கும் அதே கம்பு. எங்கம்மா நாலடி பத்து அங்குலம். அதன் வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். சின்னப் பிள்ளையில் நான் அதை அம்மாவின் நடை என்றே நினைத்திருந்தேன்.

இவ்வளவையும் நான் அந்த 11 பக்கத்தில் எழுதியிருந்தேன். எந்தப் பக்கத்தில் என்பதுதான் பிரச்சினை.

கைடு பென்சிலை எடுத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். மனிதன் தோன்றிய காலந்தொட்டே தூய்மையை விரும்பினான் என்று தொடங்கியிருந்தேன். ஹரப்பாவின் சாக்கடை வந்தது. சங்க இலக்கியத்தில் மனை மெழுகுவது வந்தது. வெள்ளைக்காரன் காலத்து நகராட்சிகள் வந்தன. காந்தி வந்தார். 2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டம் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. அது அங்கே எல்லோருக்கும் பிடிக்கும் என்று தெரிந்தே போட்டேன். அந்த நாளில் கல்லூரியிலும் புதுத் துடைப்பம் வாங்கி, குப்பை இல்லாத பாதையைக் கூட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தினமும் அந்தப் பாதையைக் கூட்டுகிற அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் துடைப்பம் எந்தப் பக்கத்தில வருது?” என்று கேட்டார் கைடு.

புரட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கம்.

அவர் முதல் எட்டுப் பக்கத்தையும் பின்னால் மடக்கினார். “இங்கேயிருந்து ஆரம்பி” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டுப் பக்கத்தை இங்கிலீசில் எழுத எனக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. தமிழில் எழுதி, அகராதி வைத்து மாற்றி, தோழி ஒருத்தியிடம் திருத்தி வாங்கியது. ராத்திரி விடுதியில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. நான் எழுதியிருந்தது முன்னுரையே இல்லை, மனு.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு எழுதிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அம்மாவுக்கு அவர்கள்தான் எழுதிக் கொடுப்பார்கள். சமூகம் அவர்களுக்கு, தாழ்மையுடன், பணிவுடன், ஏழை எளிய, தாங்கள் கருணை கூர்ந்து என்று முக்கால் பக்கம் ஓடும். மூணு மாசமாகச் சம்பளம் வரவில்லை என்பது கடைசியில் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேசையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி வாசிப்பதோ மேலே உள்ள மூணு வரிதான். ஊர்த்தெருவுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, துண்டை இடுப்பில் கட்டி, தூரத்திலேயே நின்று கூப்பிட்டார்களே எங்கள் தாத்தாமார், அந்த நடைதான் மனுவின் நடை. ஹரப்பாவிலிருந்து நான் நடந்து வந்ததும் அதே நடைதான். ‘எனக்கும் இதெல்லாம் தெரியும் சாமி, நானும் படிச்சிருக்கேன் சாமி’ என்று எட்டுப் பக்கம் குனிந்துவிட்டு, ஒன்பதாம் பக்கத்தில் எங்கம்மாவைக் கூட்டிவந்திருக்கிறேன். தமிழ்த்துறை ஆய்வேடுகள் குமரிக்கண்டத்தில் தொடங்குவது வேறு காரணத்தால். அது பெருமை. என்னுடையது பயம்.

அந்த வகையில் அந்தக் கைடு எனக்குச் செய்தது நல்லது. இப்போதும் சொல்வேன்.

சுருக்கம் எழுதுவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அங்கே அப்ஸ்ட்ராக்ட் என்பார்கள். ஆய்வேட்டின் முதல் தாளில் தனியாக நிற்கும். என் முதல் சுருக்கம் முழுக்க ‘படுகிறது’தான். துடைப்பத்தின் வரலாறு ஆராயப்படுகிறது. தொழிலாளர்களின் நிலை விவாதிக்கப்படுகிறது. ஒரு புதிய வடிவம் முன்வைக்கப்படுகிறது. இங்கிலீசிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன், அதுதான் மரியாதையான நடை என்று நினைத்து. கைடு சிரித்துவிட்டார். “சினிமா விளம்பரமா இது? மீதியத் திரையில காண்கன்னு போடறியா? என்ன கண்டுபிடிச்சியோ அத இங்கயே சொல்லிடு. சுருக்கத்துல சஸ்பென்ஸ் கிடையாது” என்றார். என்ன கஷ்டம், யாருக்கு, நீ என்ன செய்தாய், என்ன ஆயிற்று, அதனால் என்ன. இதற்குப் பதில் இருந்தால் போதும், பின்னணிக்கு ஒரு வரிக்கு மேல் கூடாது. சுருக்கத்தை முதலில் எழுதாதே, எல்லாம் எழுதி முடித்த பிறகு எழுது. சுருக்கத்தில் இருப்பது உள்ளே இருக்க வேண்டும், உள்ளே இல்லாத எதையும் சுருக்கத்தில் சொல்லக்கூடாது. இப்படி அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன்.

எழுத்து வகுப்பு எடுக்க வந்த இன்னொருவர் ஜான் ஸ்வேல்ஸ் என்கிற மொழியியல்காரரின் முறையைச் சொல்லிக் கொடுத்தார். ஸ்வேல்ஸ் 1990இல் எழுதிய புத்தகத்தில் இருப்பது. ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பார்த்து, அவை மூன்று அடியில் நகர்கின்றன என்றாராம். முதலில் உன் நிலப்பரப்பைக் காட்டு. பிறகு அதில் யாரும் நிற்காத இடத்தைக் காட்டு. பிறகு அதில் போய் நீ நில். வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பஞ்சமி நிலம் ஞாபகம் வந்தது. 1892இல் எங்களுக்கென்று சர்க்கார் ஒதுக்கிய நிலத்தில் இன்றைக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று அவருக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. ஆனால் முறை உதவியது. துடைப்பத்தின் கம்பைப் பற்றி, ஈர்க்கைப் பற்றிப் பேசுகிற எழுத்து இருந்தது. பிடிக்கிற கையைப் பற்றி நான் தேடிய இடத்தில் இல்லை. அங்கே போய் நின்றேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது நன்னூல் ஞாபகம் வந்தது. எம்.ஏ.வில் மனப்பாடம் செய்த பாயிரம். சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் சங்கதி இருக்க வேண்டும் என்கிறார் பவணந்தி. எழுதியவன் யார், எந்த நூலின் வழியாக வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எப்படிக் கட்டப்பட்டது, சொல்லும் பொருள் என்ன, கேட்கிறவர் யார், பயன் என்ன. இதோடு காலம், களம், காரணம் என்கிற மூன்றையும் சேர்ப்பார்கள். கைடு கேட்ட கேள்விகளைவிட இது கூடுதல். பரீட்சைக்கு உருப்போட்டேன், பத்து மதிப்பெண் வாங்கினேன். அது எழுதுவதற்கான கருவி என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

அதே நன்னூலில் நல்ல ஆசிரியனுக்கு உரிய தகுதிகளை எண்ணும்போது முதல் சொல்லே குலம்தான். அறிவெல்லாம் அதற்குப் பிறகு வருகிறது. பாயிரத்தை எழுதியவனே எழுதக்கூடாது, அவனுடைய ஆசிரியரோ கூடப் படித்தவனோ மாணவனோ உரைகாரனோ எழுத வேண்டும் என்றும் இருக்கிறது. தன்னைத் தானே புகழக்கூடாது என்பதற்காக. எங்கள் விஷயத்தில் இந்தக் கடைசி விதி ரொம்பக் கறாராகவே நடந்திருக்கிறது. எங்களைப் பற்றிய பாயிரத்தையெல்லாம் வேறு யாரோதான் எழுதினார்கள். அதற்காக நன்னூலைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதில் இன்னொன்று இருந்தது. நூலுக்குப் பத்து அழகு சொல்கிறது, முதல் அழகு சுருங்கச் சொல்லல். பத்துக் குற்றம் சொல்கிறது, முதல் குற்றம் குன்றக் கூறல். சுருக்குவது வேறு, குறைப்பது வேறு. இந்த வித்தியாசம் எனக்குப் பரீட்சைக் கேள்வியாக இல்லாமல் அடுத்த வாரமே நேரில் வந்தது.

அதற்கு முன்னால் ஆய்வின் கதையைச் சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் ஊருக்குப் போய் அம்மாவோடு வேலை செய்கிற 11 பெண்களை அளந்தேன். உயரம், தரையிலிருந்து முழங்கை, உள்ளங்கை அகலம். “சட்டை தைக்கப் போறியாடி?” என்று சிரித்தார்கள். அலுமினியக் குழாயில் ஒரு கம்பு செய்தேன், வெயில் ஏறினால் கை சுட்டது. குறுக்குப்பிடி வைத்து ஒன்று செய்தேன். எனக்கு அது பெரிய கண்டுபிடிப்பு, படம் எடுத்தால் அழகாகவும் இருந்தது. சந்துக்குள் போனால் சுவரில் இடிக்கிறது என்று இரண்டாம் நாளே கழற்றிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். கடைசியில் நின்றது பழைய மூங்கில் கம்புதான். அவரவர் உயரத்துக்கு வெட்டியது. கட்டுகிற இடத்தில், குழாய் வேலைக்காரர்கள் ரப்பர்க் குழாயை முடுக்குவார்களே, அந்த இரும்புப் பட்டை வளையம். ஈர்க்கு தேயத் தேய கத்தையைக் கீழே தள்ளி மறுபடி முடுக்கிக்கொள்ளலாம், குனிய வேண்டியதில்லை. வளையம் துருப்பிடிக்கிறது என்று சொன்னார்கள். அதையும் எழுதினேன்.

இயக்கத் தோழர் ஒருவர் போனில் பிடிபிடியென்று பிடித்தார். “வெளக்கமாத்தக் கீழ போடுன்னு சொல்ல வேண்டிய நீ, அத நல்லாப் புடிக்கச் சொல்லித் தர்றியா?” நியாயமான கேள்வி. 1993இல் ஒரு சட்டம் வந்து, 2013இல் இன்னொரு சட்டம் வந்து, மலக்குழியில் ஆள் இறங்குவது நிற்கவில்லை. 2014 மார்ச்சில் சாவுக்கு 10 லட்சம் கொடு என்றது உச்ச நீதிமன்றம். 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகைதான் ஏறியது. எங்கள் ஆட்களை அந்த வேலையிலிருந்தே வெளியே கொண்டுவர வேண்டும் என்று நானும்தான் மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால் அம்மா நாளைக் காலையில் நாலரைக்குப் போகும். அந்தத் தோள் நாளைக்கும் வலிக்கும். தோழருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே முன்னுரையின் மூன்றாவது பத்தியில் வைத்தேன், பதில் இல்லாமலே. கைடு அதைத் தொடவில்லை.

அவர் தொட்டது வேறொரு வரியை. சுருக்கத்தின் நாலாவது வரி. இந்தத் துடைப்பத்தைப் பிடிக்கிற பெண்கள் எல்லோரும் தலித்துகள், நான் அளந்த 11 பேரும் ஒரே சாதி என்று எழுதியிருந்தேன். பென்சிலால் மேலே ஒரு கோடு. சத்தம் போடவில்லை, கோபமும் இல்லை.

“சாதி டிசைன் விஷயம் இல்லம்மா. உயரம், எடை, கை அகலம், இதெல்லாம்தான் நாம அளக்கறது. வெளியிலிருந்து தேர்வாளர் வர்றாரு, இதப் பாத்தா மத்ததெல்லாம் விட்டுட்டு இதையே பிடிச்சுக்குவாரு. உனக்குத்தான் கஷ்டம். அதோட இடமும் இல்ல பாரு, 250 வார்த்தை.”

அறைக்குப் போய் எண்ணினேன். அந்த வரியோடு சேர்த்து 236. இடம் இருந்தது.

திரும்பிப் போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. நேர்காணலுக்கு ஒன்பது நாள் இருந்தது. உதவித்தொகையின் கடைசித் தவணை ஆய்வேடு கொடுத்தால்தான் வரும். அம்மா அதை நம்பி வட்டிக்கு வாங்கியிருந்தது. ‘துப்புரவுப் பணிப் பெண்கள்’ என்று மாற்றினேன். அதையும் அவர் இன்னும் சுருக்கினார். அந்தத் துறையில் ஒரு பொதுச்சொல் இருக்கிறது, யூசர். பயன்படுத்துபவர். நாற்காலிக்கும் யூசர், மேசை விளக்குக்கும் யூசர். என் ஆய்வுச் சுருக்கத்தில் எங்கம்மா யூசர் ஆனது. சாதி முன்னுரையின் இரண்டாம் பத்தியில் இருந்தது, அங்கே அவர் கை வைக்கவில்லை. உள்ளேதான் இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன். நல்ல மதிப்பெண் வந்தது.

அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் மாணவராக இருந்து சாதியைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். வயது 25. அதன் கடைசிப் பகுதியில், தான் சொன்னதையெல்லாம் நாலே கருத்தாகத் திரட்டித் தருகிறார். சுருக்கம் எழுதுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் காட்ட இப்போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் போகிறேன். அதே ஆள் 1936இல் லாகூர் மாநாட்டுக்கு எழுதிய தலைமை உரையில் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னபோது, காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று பதில் எழுதினார். மாநாடே நின்றுபோனது. தன் செலவில் 1,500 பிரதி அச்சடித்தார். சுருக்கவும் தெரிந்தவர், வெட்ட விடாதவர். நான் அம்பேத்கர் இல்லை. வட்டிக்காரன் வாசலில் நின்றான். இருந்தாலும் அந்தப் பென்சில் கோட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

திரும்பி வந்து மறுபடி இயக்க வேலை. ஒரு ஊரில் கோயில் திருவிழாவில் எங்கள் பையன் ஒருவனை அடித்துவிட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. உண்மை அறியும் குழு எழுதிய அறிக்கை 14 பக்கம். ஊரின் மக்கள்தொகை, கோயிலின் தலபுராணம், பழைய தகராறுகள், எல்லாம் இருந்தது. பையன் அடிபட்டது ஆறாம் பக்கத்தில். நானே முன்னால் எழுதிய அறிக்கைகளும் அப்படித்தான் இருந்தன என்று அப்போது தெரிந்தது. காவல்நிலையத்துக்கான புகாரை ஒரே பக்கத்தில் எழுதினேன். யார், யாரை, என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதனால் அடித்தார், என்ன சொல்லித் திட்டினார், யார் யார் பார்த்தார்கள், அடிபட்டவன் என்ன சாதி, அடித்தவர் என்ன சாதி.

அதிகாரி வாசித்தார். “எல்லாம் சரிம்மா. சாதிய எதுக்கு இழுக்கறீங்க? அடிதடின்னு குடுங்க, உடனே எடுத்துக்கறேன். ஊர்ல அமைதி கெட்டுப்போயிரும்” என்றார். அதே குரல். சத்தமும் இல்லை, கோபமும் இல்லை.

இந்தத் தடவை எனக்குச் சட்டம் தெரியும். 2008இல் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வழக்கில், திட்டியவர் தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியோ அல்ல என்று புகாரில் எங்கேயும் சொல்லவில்லை என்பதைக் காட்டி உச்ச நீதிமன்றம் வன்கொடுமை வழக்கை ரத்து செய்தது. ஒரு வரி இல்லாததால் போன வழக்கு. பிறகு சேர்த்தால், யோசித்துச் சேர்த்தது என்பார்கள். கைர்லாஞ்சியில் 2006இல் ஒரே குடும்பத்தில் நாலு பேரைக் கொன்றார்கள். 2010இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பில் அது பழிவாங்கல், சாதிக் கொலை அல்ல. அங்கேயும் விழுந்துபோனது அந்தச் சொல்தான். “அந்த வரி இல்லாம மனு இல்லைங்க சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கினார்கள்.

டிசைன் கல்லூரி நூலகத்தின் பட்டியலைப் போன வருசம் கம்ப்யூட்டரில் பார்த்தேன். ஆய்வேடுகளின் தலைப்பும் சுருக்கமும் மட்டும்தான் அதில் இருக்கின்றன. முழு ஏட்டை வாசிக்க நேரில் போக வேண்டும். சாதி என்கிற சொல்லைப் போட்டுத் தேடினேன். என்னுடையது வரவில்லை. துடைப்பம் என்று தேடினேன், வந்தது. கீழே ‘யூசர்’ என்று இருந்தது. உள்ளேதான் இருக்கிறதே என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன் அல்லவா, அந்த உள்ளுக்குள் யார் போவார்கள்? எட்டுப் பக்கத்தை மடக்கியபோது கைடு சொன்னதும் இதைத்தானே. முதலில் இருப்பதைத்தான் வாசிப்பார்கள் என்று.

அன்றைக்கு ராத்திரி அதைத் தமிழில் திருப்பி எழுதினேன். யாரும் கேட்கவில்லை, எனக்காக. அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. தோள் தூக்க முடியவில்லை. திண்ணையில் உட்காரவைத்து வாசித்தேன்:

“நகராட்சித் தெருவைக் கூட்டும் பெண்களுக்குத் தோளும் முதுகும் தேய்கின்றன. நான் பார்த்தவர்கள் எல்லோரும் தலித்துகள், ஒரே சாதியில் பிறந்ததால் இந்த வேலைக்கு வந்தவர்கள். ஒரே நீளக் கம்பும், தேயத் தேயக் குட்டையாகும் ஈர்க்கும் அவர்களைக் குனியவைக்கின்றன. 11 பேரை அளந்து, அவரவர் உயரத்துக்குக் கம்பு வெட்டி, கத்தையை இறக்கி முடுக்க ஒரு வளையம் பொருத்தினேன். குனிவது குறைந்தது. வளையம் துருப்பிடிக்கிறது. இது துடைப்பத்தைத் திருத்தும், வேலை யார் தலையில் விழுகிறது என்பதைத் திருத்தாது.”

அம்மா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது.

“அந்தக் குறுக்குக் கட்டைய நாங்க கழட்டிக் குப்ப வண்டியில போட்டமே, அதக் காணமே?”

“அது சுருக்கம்மா. எடமில்ல.”

“எடமில்லையாம்ல. நாங்க சொன்னதே அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நீ செஞ்சது. எழுதுடி.”

எழுதினேன். வளையத்துக்கு முன்னால், ‘முதலில் நான் வைத்த குறுக்குப்பிடியை அவர்கள் இரண்டாம் நாளே கழற்றிப் போட்டார்கள்’ என்று.

“இப்ப முழுசாப் படி” என்றது அம்மா.